இடது கைக்கு அளவெடுத்த திரை

மாஸ்டரம்மாவுக்குத் தன் வேலையில் கர்வம் உண்டு. அதை அவள் மறைத்ததும் இல்லை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வெட்டுப் பிரிவுக்கு அவள்தான் தலைமை. எவ்வளவு பகட்டான சட்டையின் படம் வந்தாலும், முதலில் அதைப் பழுப்புத் தாளில் வரைந்து, கை வேறு கழுத்து வேறு என்று வெட்டிக் கொடுப்பவள் அவள். அந்தத் தாளை மேலே வைத்துத்தான் துணியை வெட்டுவார்கள். அவள் கோடு கோணினால் ஆயிரம் சட்டையும் கோணும். இதுவரை கோணியதில்லை என்பதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவளே சொல்லுவாள். உண்மையைச் சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம்?

அவளுக்கு வாய்த்த புருஷனும் லேசுப்பட்ட ஆள் இல்லை. பள்ளிப் புத்தகங்கள் அடிக்கும் அச்சகத்தில் பக்கம் அமைக்கிறவர். எழுத்து எங்கே நிற்கும், படம் எங்கே உட்காரும், நடுவில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஒழுங்குபடுத்திக் கொடுப்பது அவர் வேலை. அச்சகத்தில் 'பக்கக்காரர்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஒரு படம் மயிரிழை தள்ளி நின்றாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இப்படி இரண்டு கர்வங்கள் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினால் சண்டைக்கு என்ன குறைச்சல்? அவர்கள் சண்டை போட்டே முப்பது வருஷம் சந்தோஷமாக இருந்தார்கள்.

போன மழைக்காலத்தில் பக்கக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு பிழைத்தது, கோபம் பிழைத்தது, கால் கொஞ்சம் இழுத்தாலும் நடக்க வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. மடியில் போட்டால் மடியில் கிடந்தது, மேசையில் வைத்தால் மேசையில் கிடந்தது.

அச்சக முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை பழப்பையோடு பார்க்க வந்தார். பக்கக்காரரைவிட இளையவர், நல்ல மனுஷர்தான். பையை வைத்துவிட்டு வெகுநேரம் பழத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று மாஸ்டரம்மாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. புதுப் பாடப்புத்தகம் வந்து நிக்குது. உங்க நாற்காலியில ஒரு பொண்ணை உட்கார வச்சிருக்கேன், லேப்டாப்போட வந்து செஞ்சு கொடுக்குது. நீங்க கொஞ்ச நாள் ஓய்வெடுங்க."

"எவ்வளவு நாள்?" என்றார் பக்கக்காரர்.

முதலாளி மறுபடி பழத்தைப் பார்த்தார்.

"என் கம்ப்யூட்டர் அங்க சும்மாதானே கிடக்கு?" என்று பக்கக்காரரே மேலே கேட்டார். "அதை வீட்டுக்கு அனுப்பு. அடுத்த மாசம் முதல் திங்கக்கிழமை நான் வர்றேன். காலையில ஒரு பாடத்தைக் கையில கொடு. மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சுத் தர்றேன். முடிக்கலன்னா நாற்காலி அந்தப் பொண்ணுக்கு. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

அவர் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னதை யாரும் நம்பவில்லை. ஆனால் முதலாளி ஒத்துக்கொண்டார், மறுநாளே கம்ப்யூட்டரும் வந்து இறங்கியது.

வீராப்பு பேசியாகிவிட்டது, வேலை நடக்கவில்லை. இடது கையில் மவுஸைப் பிடித்தால் அம்பு ஒரு மூலைக்குப் போகச் சொன்னால் இன்னொரு மூலைக்கு ஓடியது. கீழே வரிசையாக நின்ற குட்டிக் குட்டிப் படங்களில் ஒன்றைத் தொடப் போனால் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. திரையில் ஒரு சன்னல்மேல் இன்னொரு சன்னல் விழுந்து பக்கத்தை மூடியது. போதாததற்கு மூலையிலிருந்து ஏதோ ஒரு பெட்டி எட்டிப் பார்த்து, என்னைப் புதுப்பித்துக்கொள்கிறாயா என்று கேட்டது. "உன்னைப் புதுப்பிச்சு நான் என்னடா பண்ணப் போறேன்!" என்று அவர் திரையைப் பார்த்துக் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

மருமகள் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறவள். அன்று சீக்கிரம் வந்திருந்தாள். வாசல்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மாமா, உங்க கை மேல தப்பில்ல. இந்த டெஸ்க்டாப் ரெண்டு கை இருக்கிற ஆளுக்குச் செஞ்சது. இதை எடுத்துட்டு வேற போடலாம்."

"எதை எடுக்கப் போற? உள்ள என் வேலையெல்லாம் இருக்கு."

"உள்ள ஒண்ணும் போகாது. உங்க புரோகிராம், பக்கம், படம் எல்லாம் இருந்த இடத்துல இருக்கும். மேல தெரியற முகப்பு மட்டும்தான் மாறும். நான் போடப் போறது வெறும் காலித் திரை. கீபோர்டுல எந்தக் கட்டையைத் தட்டினா எது வரணும், எது எங்க நிக்கணும், எவ்வளவு பெரிசா இருக்கணும், எல்லாத்தையும் நாமதான் சொல்லணும். சன்னல் ஒண்ணு மேல ஒண்ணு விழாது. திரையைப் பங்கு போட்டுக்கிட்டுப் பக்கத்துல பக்கத்துல நிக்கும். மவுஸே தேவைப்படாத மாதிரிக்கூடப் பண்ணலாம். ஆனா எதை எங்க வைக்கணும்னு எனக்கு யாராவது சொல்லணும்."

மாஸ்டரம்மா அதுவரை துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தினாள்.

"ஆயத்தச் சட்டை பொருந்தலன்னா அளவெடுத்துத் தைக்கணும். அவ்வளவுதானே?" என்றாள். "அளவை நான் எடுக்கிறேன்."

புருஷனின் இடது கையைப் பழுப்புத் தாளில் விரித்து வைக்கச் சொல்லி, சுற்றிலும் சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். கட்டைவிரல் எதுவரை எட்டும், சுண்டுவிரல் எதுவரை எட்டும், வலிக்காமல் எட்டுவது எது, இழுத்துப் பிடித்தால் எட்டுவது எது என்று தனித்தனியாகக் குறித்தாள். அவர் நெளிந்தார்.

"என் கைக்குச் சட்டை தைக்கப் போறியா?"

"ஆமா. அசையாம உட்காருங்க. அளவு தப்பினா நான் பொறுப்பில்ல."

பிறகு அவர் முன்பு அச்சகத்தில் எப்படி வேலை செய்வார் என்று கேட்டுக் கேட்டு வரைந்தாள். பக்கம் திரையின் இடது பக்கம், கருவிகள் வலது ஓரம், படங்களின் வரிசை அதற்கும் கீழே, மவுஸ் வலது கையில். எல்லாம் தாளில் வந்தது. வந்ததும், சட்டையின் வலது கையிலிருந்து இடது கை எடுப்பதற்கு என்ன செய்வாளோ அதையே செய்தாள். தாளைப் புரட்டிப் போட்டாள். வலப்பக்கம் இருந்ததெல்லாம் இடப்பக்கம் வந்தது. ஒரு தாளில் இரண்டு கை எடுப்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதில் சந்தேகம் வர நியாயமே இல்லை.

மருமகள் அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வேலையை முடித்தாள். பழைய டெஸ்க்டாப்பை அழிக்காமல் ஒதுக்கிப் புதியதை ஏற்றினாள். கீழே நின்ற குட்டிப் படங்கள் போயின. புதுப்பிக்கவா என்று கேட்கும் பெட்டி போயிற்று. பின்னால் பூப்படம் போடலாம் என்று மாஸ்டரம்மா சொன்னாள். வெறும் சாம்பல் நிறம்தான் வேண்டும் என்று பக்கக்காரர் பிடிவாதம் பிடித்தார். பின்னால் நிறம் இருந்தால் புத்தகப் பக்கத்தில் இருக்கும் நிறம் கண்ணை ஏமாற்றுமாம். அந்த ஒன்றில் அவர் ஜெயித்தார்.

மறுநாள் காலை மாமியாரும் மருமகளும் முகமெல்லாம் சிரிப்பாக இரண்டு பக்கமும் நிற்க, பக்கக்காரர் உட்கார்ந்து வேலை செய்து பார்த்தார். முன்பைவிட மோசம். பக்கத்தைத் தேடி இடது பக்கம் பார்த்தார், அங்கே கருவிகள் நின்றன. கருவியைத் தேடினால் பக்கம் வந்தது. விரல் ஒன்றைத் தட்டப் போய் வேறெதையோ தட்டி, ஒரு படம் மாயமாகிவிட்டது. அவர் கீபோர்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"கண்ணாடிக்குள்ள உட்கார்ந்து வேலை செய்யற மாதிரி இருக்கு! எனக்குக் கைதானே போச்சு, கண்ணு எங்க போச்சு? கண்ணு இன்னும் இடது பக்கத்துலதானே ஆரம்பிக்குது?"

மாஸ்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. அவள் கோடு கோணிவிட்டது என்று வீட்டிலேயே ஒருத்தர் சொல்லிவிட்டார். அதைவிடக் கொடுமை, அவர் சொன்னது சரி. சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை இருக்கிற இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். மருமகள் பின்னாலேயே வந்தாள்.

"அத்தை, மாத்திடலாம். எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தலாம். துணி மாதிரி வெட்டினா வெட்டினதுதான்னு இல்ல."

"அது தெரியும்மா. நான் எங்க விட்டேன்னு பார்க்கிறேன்."

அவள் திரும்பிப் போய் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். இந்தத் தடவை தாளும் இல்லை, சாக்குக்கட்டியும் இல்லை. "நீங்க அச்சகத்துல உட்கார்ந்திருக்கிறதா நினைச்சுக்கிட்டு சும்மா வேலை செய்யுங்க. கம்ப்யூட்டர் வேணாம்" என்றாள்.

"பைத்தியமா உனக்கு?"

"செய்யுங்கன்னா செய்யுங்க."

முணுமுணுத்துக்கொண்டே அவர் வெறும் மேசையில் கையை வைத்தார். கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் இடது கை தானாக அசைய ஆரம்பித்தது. சுண்டுவிரல் கீழ் மூலையில் ஒரு கட்டையை அமுக்கிக்கொள்ள, மற்ற விரல்கள் அதன் மேலே ஓடின. சேமித்தது, நகலெடுத்தது, ஒட்டியது, செய்ததைத் திரும்ப எடுத்தது, மறுபடி சேமித்தது. மாஸ்டரம்மா விரல்களை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். வலது கை மவுஸைப் பிடித்துக்கொண்டு பெயர் வாங்கிய இத்தனை வருஷமும் இடது கை சும்மா இருக்கவில்லை. அது தனக்கென்று ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு சத்தம் போடாமல் செய்துகொண்டிருந்தது. இவளோ அதை ஒன்றும் தெரியாத கை என்று நினைத்து, வலது கையின் வேலையைக் கொண்டுவந்து அதன் தலையில் கட்டிவிட்டாள்.

"அம்மாடி, இங்க வா!" என்று மருமகளைக் கூப்பிட்டாள். "இந்தக் கைக்கு ஏற்கெனவே வேலை தெரியும். அதுக்குத் தெரிஞ்ச கட்டை எதையும் நாம தொடக் கூடாது. அது எங்கெங்க போகுதோ அதையெல்லாம் விட்டுடு. மிச்சம் இருக்கிற இடத்துலதான் வலது கை செஞ்சதை வைக்கணும்."

"அப்ப திரை?"

"திரை அவர் பழைய மாதிரியே. பக்கம் இடப்பக்கம். கண்ணுக்குப் புதுசா ஒண்ணும் வேணாம்."

இரண்டாவது தடவை தைத்தது பொருந்தியது. இடது சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் யாரும் தொடாத ஒரு பெரிய கட்டை சும்மா கிடந்தது. அதை அமுக்கிக்கொண்டு மற்ற விரல்களால் தட்டினால் சன்னல் மாறியது, படம் பெரிதாயிற்று, சிறிதாயிற்று, மயிரிழை மயிரிழையாக நகர்ந்தது. மவுஸில் ஆட்டம் போட்ட அதே கை, கட்டையைத் தட்டும்போது ஆடவில்லை. பக்கக்காரர் முதல் நாள் ஒரு பக்கத்தை முடித்தார். பிறகு மூன்று. குறை சொல்லும் பழக்கமும் திரும்பி வந்தது: இந்த எழுத்து சின்னது, அந்தச் சன்னல் அகலம் போதாது, கடிகாரம் எதற்கு? ஒவ்வொன்றையும் மருமகள் மாற்றிக் கொடுத்தாள். மாற்றுவது எப்படி என்று அவரே கேட்டுத் தெரிந்துகொண்டு, அவள் வேலைக்குப் போனபிறகு தானே மாற்ற ஆரம்பித்தார். ஒரு நாள் அவள் வந்து பார்த்தபோது பாதி ஏற்பாடு அவளுக்கே புரியவில்லை. மாஸ்டரம்மா தொழிற்சாலையில் இதைச் சொல்லாத ஆள் பாக்கி இல்லை.

முதல் திங்கட்கிழமை வந்தது. மாஸ்டரம்மா அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே போனாள். கம்ப்யூட்டரை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்கள். அச்சகத்தில் மை வாசனையும் இயந்திரச் சத்தமும் பழையபடியே இருந்தன. அவருடைய மேசையில் எல்லாம் தயாராக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"உட்காருங்க சார். நானே ஆன் பண்ணி வச்சுட்டேன். ஏதோ தெரியாத டெஸ்க்டாப் பேரு காட்டுச்சு, யாரோ தப்பா மாத்திட்டாங்க போலன்னு வழக்கமானதையே போட்டுட்டேன்."

உதவி செய்கிறேன் என்று மனதாரத்தான் செய்திருந்தாள். திரையில் பழைய முகப்பு, கீழே வரிசையாகக் குட்டிப் படங்கள், மூலையில் அந்தப் பாழாய்ப்போன பெட்டி. முதலாளி ஒரு பாடத்துக்கான எழுத்தையும் படங்களையும் கொடுத்துவிட்டு சுவரோரம் நின்றார். இயந்திரக்காரர்கள் இரண்டு பேர் வேலை இருப்பதுபோல் பக்கத்தில் வந்து நின்றார்கள். மாஸ்டரம்மா சுற்றிலும் பார்த்தாள். மருமகள் பக்கத்தில் இல்லை. இத்தனை பேருக்கு நடுவில் அவர் மவுஸைப் பிடித்து, அது தாறுமாறாக ஓடுவதை இவர்கள் பார்த்துவிட்டால்? நாற்காலி போவது இருக்கட்டும், அந்த மனுஷரின் முகம் என்ன ஆகும்? இரண்டு அடி முன்னால் போய் மவுஸைத் தொடக் கையை நீட்டினாள்.

"விடு" என்றார் பக்கக்காரர்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

அவர் மவுஸைத் தூக்கி மேசையின் அந்தக் கோடியில் வைத்தார். குனிந்து, கம்ப்யூட்டரின் பொத்தானை இடது கட்டைவிரலால் அமுக்கினார். திரை இருண்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். மறுபடி அமுக்கினார். அது உயிர் பெற்று, யார் நீ என்று கேட்கும் இடத்துக்கு வந்தது. ஒரு கட்டை, அம்புக் கட்டை இரண்டு தட்டு, டெஸ்க்டாப்புகளின் பெயர்ப் பட்டியல் திறந்தது. தன்னுடையதைத் தேர்ந்தெடுத்தார், அச்சகத்தில் எல்லோருக்கும் தெரிந்த பழைய கடவுச்சொல்லை ஒற்றைக் கையால் தட்டினார். சாம்பல் நிறத் திரை வந்தது. அதில் ஒன்றுமே இல்லை.

"என்ன அண்ணே, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா?" என்றார் முதலாளி பதறி.

பக்கக்காரர் விரல்களைக் கீபோர்டில் வைத்தார். ஒரு தட்டு, பக்கம் வந்து இடப்பக்கம் நின்றது. இன்னொரு தட்டு, கருவிகள் வலது ஓரத்தில் ஒதுங்கின. படங்கள் வரிசைக்கு வந்தன. அதன் பிறகு அவர் யாரையும் பார்க்கவில்லை. இடது கை ஓடியது. எழுத்து பக்கத்தில் இறங்கியது, படங்கள் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன, நிமிஷத்துக்கொரு தரம் சேமித்துக்கொண்டது. வலது கை மடியில் கிடந்தது. அதை இப்போது யாரும் பார்க்கவில்லை. வேலை இருப்பதுபோல் நின்ற இயந்திரக்காரர்கள் அந்த நடிப்பையும் விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

மாஸ்டரம்மா மூச்சு விட்டாள். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவள் வெட்டிக் கொடுத்த சட்டைகளை யார் யாரோ எங்கெங்கோ போட்டுக்கொண்டு போயிருப்பார்கள், எதையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை. இதோ, ஒன்று கண்ணெதிரே பொருந்தி நிற்கிறது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை, பாடம் முடிந்துவிட்டது. முதலாளி அச்சில் எடுத்துவரச் சொல்லி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். திருப்பியும் புரட்டினார்.

"ஒரு குறை சொல்ல முடியல அண்ணே."

"ஏன் முடியாது? கடைசிப் பக்கத்துல இலைப் படம் மங்கலா இருக்கு. அது என் தப்பில்ல, அனுப்பினவங்க அப்படி அனுப்பியிருக்காங்க. நாளைக்கு வேற வாங்கி வை, மாத்திடறேன்."

முதலாளி தாள்களை மேசையில் வைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "சரி அண்ணே. நாளைக்கு வாங்கி வைக்கிறேன்."

அந்தப் பெண் தன் லேப்டாப்பைச் சன்னலோர மேசைக்கு எடுத்துக்கொண்டு போனாள். இருவருக்கும் போதிய வேலை இருக்கிறது என்று முதலாளி அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இயந்திரக்காரர்களில் ஒருவர் ஆசைப்பட்டுக் கீபோர்டில் எதையோ தட்டிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"உனக்கு வராது" என்றார் பக்கக்காரர், அவ்வளவு பெருமையோடு. "என் வீட்டுக்காரி என் கைக்கு அளவெடுத்தது. மருமக போட்டுக் கொடுத்தா. வேற எவனுக்கும் பொருந்தாது."

எல்லோரும் மாஸ்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். தன்னைப் பற்றித் தானே சொல்லிப் பழகியவளுக்கு, பிறர் சொல்லும்போது எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் அடுத்த பாடத்தைத் திறந்துவிட்டார்.

"நீ ஏன் இன்னும் நிக்கிற? அரைநாள் லீவுதானே சொன்னே? கிளம்பு."

"சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேங்க."

"எதுக்கு? எனக்கு வீட்டுக்கு வழி தெரியாதா?"

வேறொரு நாளாக இருந்தால் அதற்கு ஒரு பதில் கொடுத்திருப்பாள். அவருக்குச் சட்டை மாட்டிவிட்டது, பொத்தான் போட்டது, முகம் துடைத்தது, எழுந்தால் பிடித்தது, உட்கார்ந்தால் பிடித்தது என்று மாதக்கணக்கில் அவரை விட்டு நகராமல் இருந்தவளை, போ என்கிறார். அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒரு அம்மா காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தாள். மாஸ்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கு இன்னைக்கு வேலை கிடைச்சிருக்கு" என்றாள்.

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்" என்று அந்த அம்மா மரியாதைக்குச் சொன்னாள். "புது வேலையா?"

"இல்லம்மா" என்றாள் மாஸ்டரம்மா. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பழைய வேலைதான். அதே நாற்காலி."